கையைக் கட்டிப் பேசவும்

பிப்ரவரி 3, திங்கள்

நிவேதா மேடம் கேட்டுக்கொண்டதால் இந்த நோட்டை இன்று தொடங்குகிறேன். பேத்தி என்ன கேட்கிறாள், என்ன சொல்கிறாள், வீட்டில் நாங்கள் அவளோடு எப்படிப் பேசுகிறோம் என்பதை அன்றாடம் எழுதி, திருநெல்வேலிக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போகும்போது காட்ட வேண்டுமாம். மகள் மாரீஸ்வரிதான் எழுதுவதாக இருந்தது. அவள் பி.காம். ஆனால் அவள் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். அந்த அஞ்சு வகுப்பிலும் கையெழுத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மேடம், என் பெயர் உலகம்மாள். எங்கேயாவது ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விட்டுப்போகாது.

பேத்தி பெயர் பேச்சியம்மாள். எங்கள் குலதெய்வத்தின் பெயர். ஒன்றரை வயதில்தான் அவளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. உடனே பெயரை மாற்றிவிடலாம் என்று மருமகன் மஸ்கட்டிலிருந்து போன் போட்டார். "பேச்சின்னு பேரு வச்சிட்டுப் பேச்சு வரலைன்னா ஊரு சிரிக்கும் அத்தை" என்றார். சிரிக்கிற ஊர் எந்தப் பெயருக்கும் சிரிக்கும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

போன வருஷம் ஆபரேஷன் ஆனது. தலைக்குள் ஒரு சாமானை வைத்திருக்கிறார்கள். வெளியே காதில் மெஷின். அதிலிருந்து ஒரு வட்டத் தகடு வந்து காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியிருந்தால் கேட்கும், எடுத்தால் கேட்காது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிட வேண்டும். சத்தம் கேட்பது வேறு, சொல் புரிவது வேறு என்பதால்தான் இந்தப் பயிற்சி. வயது நாலாகப் போகிறது. இன்னும் ஒரு சொல் வரவில்லை.

மேடம் போட்ட சட்டத்தையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது. விடிந்தது முதல் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். செய்கிற வேலையை எல்லாம் வாயால் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்துப் பழகிவிடாமல் இருக்க, பேசும்போது வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை அசையக் கூடாது. "கை ஈஸியான வழி பாட்டி. அதைக் கத்துக்கிட்டா பிள்ளைங்க வாயைத் திறக்க மாட்டாங்க" என்று மேடம் சொன்னபோதே மாரி தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அம்பாசமுத்திரம் வருகிற வரை பஸ்ஸிலும் அப்படியே வந்தாள். மீதிச் சில்லறையை நான்தான் வாங்கினேன்.

ஏப்ரலில் பெரிய பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி.க்குப் பிள்ளையைப் பார்ப்பார்கள். பெயரைக் கேட்டால் வாயால் சொல்ல வேண்டும். மாரிக்கு அதுகூடப் பெரிதில்லை. "ஒரே ஒரு தடவை என்கிட்ட என்னமாவது சொல்லிட்டான்னா போதும்மா" என்கிறாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முழுவதும் பேசினேன். "ஆச்சி வெண்டைக்காய் நறுக்குதேன். வெண்டைக்காய் பச்சை. இது முத்தல். கடைக்காரன் ஏமாத்திட்டான். அவன் அப்பனும் இப்படித்தான்." பேச்சி வெண்டைக்காய்க் காம்புகளை நெற்றியில் ஒட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு பாக்கியம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "யார்கூட மைனி சண்டை?" என்றாள்.

"சண்டை இல்ல, ரசம் வைக்கேன்" என்றேன். வாயை விசிறியால் மறைத்துக்கொண்டு சொன்னதில் அவளுக்கு 'விஷம் வைக்கேன்' என்று கேட்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் மூன்று பேர் வந்து எனக்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

கை இல்லாமல் எனக்குப் பேச்சு வரவில்லை, மேடம். விலைவாசி என்று வாய் தொடங்கினால் கை மேலே போகிறது. அடக்கினால் சொல்லும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பேச்சியோடு பேசும்போது இரண்டு கையிலும் தண்ணீர் தளும்புகிற டம்ளர். அசைத்தால் சிந்தும்.

என் வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். நம்பிராஜன் என்று பெயர். திருநெல்வேலி ஜங்ஷனில் டிராஃபிக் கான்ஸ்டபிளாக இருந்து ரிட்டையர் ஆனவர். காலம் முழுவதும் நடுரோட்டில் நின்று கையால் பேசியவர், வாய் விசிலுக்கு மட்டும்தான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பிடித்திருக்கிறது என்பதைக்கூட இடது கையை நீட்டி வலது கையை வளைத்துத்தான் சொன்னார். என் அப்பா பயந்துபோய் நாற்காலியை விட்டு எழுந்து ஓரமாக நின்றுகொண்டார்.

இப்போது மாரி அவரைக் கை மேலேயே உட்கார வைத்திருக்கிறாள். உட்கார்ந்தால் அவருக்கு வாய் திறக்கவில்லை. எழுந்தால் கை வந்துவிடுகிறது.

பிப்ரவரி 8, சனி

தபால்காரருக்குப் பேச்சி சல்யூட் அடித்தாள். விறைப்பான சல்யூட். "போலீஸ் வீட்டுப் பிள்ளைன்னா சும்மாவா!" என்று அவர் பதிலுக்கு அடித்தார். பிறகும் அவள் கையை இறக்காமல் அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது கைப்பேச்சு அல்ல, மரியாதை. தாத்தா கடலைமிட்டாய் கொடுக்கிற நேரமெல்லாம் சல்யூட் அடித்துத்தான் கொடுப்பார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று யாரும் கையை அசைக்கவில்லை. எனக்கு மூக்கின் மேல் அரித்தது, தொட்டேன். பேச்சி போய் என் கண்ணாடியை எடுத்து வந்தாள். தற்செயல்.

பிப்ரவரி 15, சனி

காலையிலிருந்து பேச்சிக்கு என் கல்யாணக் கதையைச் சொன்னேன். சீர் கொண்டுவந்தது, பாயசத்தில் உப்பு விழுந்தது, என் சித்தப்பா கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்தது, ஒன்றும் விடவில்லை. விசிறியால் வாயை மறைத்து, நிறுத்தி நிறுத்தி, மேடம் சொன்ன மாதிரியே சொன்னேன். பிள்ளை எதிரே உட்கார்ந்து அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு கேள்வி ஞானமா என்று பூரித்துப்போனேன்.

மதியம் மோர் எடுக்கப் போனபோதுதான் பார்க்கிறேன், காந்தத் தகடு மெஷினோடு பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கல்யாணக் கதை முழுவதும் பிரிட்ஜ்தான் கேட்டிருக்கிறது.

"சத்தம் சலிச்சுப்போச்சுன்னா கழட்டி ஒட்டிட்டுப் போயிருதா" என்று மாரி அழாத குறை. இவர் மட்டும், "எனக்கு அப்படி ஒரு வசதி இல்லாம போச்சே" என்றார்.

பிப்ரவரி 19, புதன்

மாரி இன்று சாமி படங்களை எல்லாம் திருப்பி வைக்க ஆரம்பித்தாள். என்னட்டி இது என்றேன்.

"கையைப் பாரும்மா. அத்தனை சாமியும் கையைத் தூக்கிட்டு நிக்கு."

"அது ஆசீர்வாதம்ட்டி."

"பேச்சிக்கு அது என்னன்னு தெரியும்? நேத்து முருகன் முன்னால நின்னு அப்படியே கையைத் தூக்கிக் காட்டுதா. அப்பா 'நில்லு'ன்னு காட்டுத மாதிரி."

சாமியிடம் கையை இறக்கச் சொல்ல முடியுமா? கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சாமியின் கையிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுவது என்று முடிவானது. சரஸ்வதிக்கு நாலு பொட்டு ஆனது. வீணை தப்பித்தது.

பேச்சி அரை மணி நேரத்தில் எல்லாப் பொட்டையும் உரித்துத் தாத்தாவின் வழுக்கையில் வரிசையாக ஒட்டிவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

பேச்சியம்மன் கோயிலுக்குப் போனேன். பிள்ளைக்கு நல்லபடி பேச்சு வந்தால் வெள்ளியில் ஒரு காது வாங்கிச் சாத்துவதாக வேண்டியிருந்தேன். வரட்டும் என்று காத்திருந்தால் அம்மன் மறந்துவிடுவாள், முதலிலேயே கொடுத்துவிடுவோம் என்று போனேன். உரு விற்கிற கடையில் கண் இருக்கிறது, கால் இருக்கிறது, வயிறு இருக்கிறது, காது இல்லை.

"காது போன வாரமே தீந்துட்டு ஆச்சி. கை நிறைய கெடக்கு, எடுத்துக்கிடுதியளா?"

"காது கேக்காத பிள்ளைக்குக் கையை வாங்கிட்டுப் போயி நான் என்ன செய்ய?"

"கையைக் காதுல வச்சுக் கேட்டாத்தான ஆச்சி நல்லா கேக்கும்? நமக்கே அப்படித்தான."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டு கை வாங்கிச் சாத்தினேன். ஏன் காது இல்லை என்பதை அம்மனிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொல்லும்போது கையில் டம்ளர் இல்லை.

மார்ச் 10, திங்கள்

மேடம், நேற்று வரை எழுதியதைப் படித்துவிட்டு "பாட்டி, ரொம்ப நேர்மையா எழுதுறீங்க" என்று நீங்கள் சொன்னதை இவரிடம் சொன்னேன். இவருக்குப் புரையேறிவிட்டது.

பயிற்சியில் நடந்ததையும் எழுத வேண்டுமே. நீங்கள் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, "பேச்சி, இப்போ நீ பேசு, நீ பேசு" என்றீர்கள். பேச்சி சந்தோஷமாக எழுந்து, மேசையிலிருந்த இன்னொரு அட்டையை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு உங்களையே பார்த்தாள். அவ்வளவுதான். அவள் பேசி முடித்துவிட்டாள். பேச்சு என்றால் வாயை மறைப்பது என்று அவள் நினைத்திருக்கிறாள் போல. ஒரு மாதமாக அவளைச் சுற்றி எல்லாரும் அதைத்தானே செய்கிறோம்.

வீட்டுக்கு வந்து பொம்மை வாயிலும் ஒரு துணியைக் கட்டி எதிரே உட்கார வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் வாயை மூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

மாரி இன்று சாப்பிடவில்லை. "எம்மா, அவ என்கிட்ட வரவே மாட்டேங்கா. உங்க ரெண்டு பேரு பின்னாலதான் சுத்துதா. நான் நாள் பூரா தொண்டை வறளப் பேசுதேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கா. நான் என்னம்மா குறை வச்சேன்?" என்றாள்.

பாவம், எங்கள் மூன்று பேரில் மேடம் சொன்னபடி அட்சரம் பிசகாமல் நடப்பவள் அவள்தான். சாப்பாடு ஊட்டும்போது தவிர அவள் கை முன்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளை ஏன் அவளிடம் போக மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்கவில்லை என்றே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

இந்தப் பக்கத்தை மேடத்துக்குக் காட்டப் போவதில்லை. காட்டுவதற்கு வேறு நோட்டு வாங்கிக்கொள்கிறேன்.

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நாலு பேரும். தலைமை ஆசிரியை அம்மா பெரிய கொண்டை போட்டு, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். பேச்சி உள்ளே போனதும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். "எவ்வளவு டிசிப்ளின்!" என்று அந்த அம்மா பூரித்துப்போய் மேசையிலிருந்த மிட்டாய் டப்பாவைத் திறந்தார். பேச்சி ஒன்று எடுத்துக்கொண்டு மறுபடியும் சல்யூட் அடித்தாள். இன்னொன்று கொடுத்தார். மறுபடியும் அடித்தாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்த அம்மா பெயர் கேட்டார். மாரி, "சொல்லும்மா, பேச்சி, சொல்லு" என்று தவித்தாள். பேச்சி அவளைப் பார்க்கவில்லை. தாத்தாவைப் பார்த்தாள். இடது கையை நேராக நீட்டிக் காட்டினாள். இடது பக்கம் திரும்பு.

எங்கள் வீட்டில் கக்கூஸ் பின்கட்டில் இடது பக்கம் இருக்கிறது.

இவர் நாற்காலியில் தன் கை மேல் உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்துவிட்டது. மாரி அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பேச்சி என்னிடம் திரும்பி அதையே காட்டினாள். எனக்கு அங்கேயும் இரண்டு டம்ளர் கொடுத்திருந்தார்கள், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் காபி. கடைசியாக மாரியிடமும் காட்டினாள். மாரி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வாயால சொல்லு தங்கம், வாயால சொல்லு" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, பிள்ளை நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.

அவள் அழவில்லை. எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. அஞ்சாம் வகுப்பில் அதெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

தலைமை ஆசிரியை அம்மா நல்ல மாதிரி. "பரவாயில்லை, பிள்ளைங்கதானே, ஜூன்ல மறுபடி கூட்டிட்டு வாங்க" என்றார். வருகிற வழியில் பேச்சி மெஷினைக் கழற்றி ஆட்டோவின் கம்பியில் ஒட்டிவிட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் பின்கட்டில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பேச்சி வந்து எதிரே உட்கார்ந்தாள். நேற்று நடந்ததை எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கையால்தான். இனிமேல் மூக்கு அரித்தது, காது அரித்தது என்று எழுதப் போவதில்லை.

முதலில் தலைக்கு மேல் பெரிய கொண்டை. பிறகு மிட்டாய்க்கு ஒரு சல்யூட். இடது பக்கம் திரும்பு. தாத்தா என்பதற்கு வாயில் விசில் வைத்துக் காட்டினாள், பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். மறுபடி இடது பக்கம் திரும்பு. ஆச்சிக்குக் கண்ணாடி, இரண்டு கையிலும் டம்ளர். மறுபடி இடது பக்கம் திரும்பு, இந்தத் தடவை இரண்டு கையாலும், ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்தால் இவர் காட்டுவாரே, அந்த அவசரத்தோடு. கடைசியில் எழுந்து நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அது யாரு?"

மாரி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"யாரோ போலீஸ்காரர் போலிருக்கு" என்றேன்.

"எம்மா. அது யாரு?"

நான் கீரையைப் பார்த்தேன். கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த இவர்தான் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார். "அது நீதாம்மா. உனக்கு அவ வச்சிருக்க பேரு அதுதான்."

மாரி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "இவ்வளவு பேசுவாளா இவ?"

"இதுக்கு மேலயும் பேசுவா" என்றார் இவர். பெருமையை அடக்க அவருக்குத் தெரியவில்லை. "முந்தாநாள் பாக்கியம் வீட்டுப் பூனை குட்டி போட்டதை ஒண்ணு விடாம சொன்னா. எத்தனை குட்டி, எது செவலை, எல்லாம். நிவேதா மேடத்துக்குக்கூட ஒரு பேரு வச்சிருக்கா. தலைக்கு மேல வெரலைச் சுத்துவா. மந்திரி கார்ல சுத்துமே, செவப்பு லைட்டு. அவங்க வந்தா எல்லாரும் கப்சிப்னு ஆயிருதோம்லா."

நான் அவரை வாயை மூடச் சொல்லிக் கையால் காட்டினேன். பேச்சி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

மாரி சிரிக்கவில்லை. "அப்ப இந்த வீட்டுல ஊமை நான்தானா?" என்றாள்.



ஏப்ரல் 11, வெள்ளி

மாரி துணி துவைத்தாள். துவைத்ததையே மறுபடியும் துவைத்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

திருநெல்வேலிக்குப் போனோம். மேடத்தின் அறைக்குள் போய், இனிமேல் வீட்டில் கையாலும் பேசப்போகிறோம் என்று மாரி சொன்ன கொஞ்ச நேரத்தில் சந்தை இரைச்சல் ஆகிவிட்டது. மேடம் ஒரு பக்கம் பேச, மாரி ஒரு பக்கம் பேச, இவர் எழுந்து நின்று டிராஃபிக் இலாகாவின் பெருமையையும் பேச்சி எல்லாருக்கும் வைத்திருக்கிற பெயர்களையும் பேச, நான் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிப் பேச, ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. காது நன்றாக இருக்கிற நாலு பேர்.

பேச்சி காதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு நாற்காலி மேல் ஏறி நின்றாள். இடது கையை எங்கள் மூவருக்கும், வலது கையை மேடத்துக்கும் நேராக நீட்டி நிறுத்தினாள். எல்லா ரோடும் நின்றது. சுற்றிப் பார்த்துவிட்டு, வலது கையை மடக்கி மேடத்துக்கு வழி விட்டாள்.

மேடம் விழித்தார். பிறகு தணிவாகப் பேசினார். "மாரீஸ்வரி, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மெஷின் வச்ச முதல் சில வருஷம்தான் காதுக்கு முக்கியம். இப்ப கையில பழகிட்டா, காதைப் பயன்படுத்தணும்னு அவளுக்குத் தோணாது. பேசி, நல்லா படிச்சு, வேலைக்குப் போன பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன். அதனாலதான் இவ்வளவு கண்டிப்பு."

பேச்சி மேடத்தை நிறுத்தி, மாரிக்கு வழி விட்டாள். தன் அம்மாவுக்கு அவள் கையால் எதையும் சொல்லி நான் பார்த்தது பள்ளிக்கூடத்தில்தான். இது இரண்டாவது.

"காதுக்கு நேரம் குடுக்கேன் மேடம். பயிற்சிக்கும் வாரேன், விசிறியும் பிடிக்கேன். ஆனா ராத்திரி அந்த மெஷினைக் கழட்டினப்புறம் நான் அவளுக்கு யாரு? காய்ச்சல்ல கெடந்தா எங்க வலிக்குன்னு கேக்க எனக்கு வழி இல்ல. காலைல மெஷினை மாட்டினப்புறம் சொல்லுன்னு விட முடியுமா? வாயும் வரட்டும் மேடம். அது வர்ற வரைக்கும் என் பிள்ளைய காக்க வைக்க என்னால முடியாது. வந்தப்புறமும் கையை வெட்டிப் போட முடியாது."

மேடம் வாயைத் திறந்தார். பேச்சி அவரை நிறுத்திவிட்டுத் தாத்தாவுக்கு வழி விட்டாள். இவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியாமல், எழுந்து ஒரு சல்யூட் அடித்தார். பேச்சி மிட்டாய்க்குக் கையை நீட்டினாள்.

"எனக்கு இதுல சம்மதம் இல்லை" என்றார் மேடம் கடைசியில். "ஆனா பயிற்சியை மட்டும் நிறுத்திடாதீங்க." நல்ல பெண். வாசல் வரை வந்து, "அவ எனக்கு வச்ச பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று இவரிடம் கேட்டுப் போனார். தலைக்கு மேல் விரலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனதை நான் பார்த்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாரி எங்கெங்கோ விசாரித்துத் தங்கபுஷ்பம் என்று ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து வரவழைத்திருக்கிறாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறவள். பதிலைப் போனில் தட்டி எங்களுக்குக் காட்டுவாள், நாங்களும் அதில் தட்ட வேண்டும்.

பேச்சி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காதைத் தொட்டுப் பார்த்தாள். தன் காதைத் தொட்டாள். அவள் உயரத்தைக் கையால் காட்டினாள். பெரிய ஆளுக்கும் காது கேட்காமல் இருக்கும் என்று பிள்ளைக்கு இன்றைக்குத்தான் தெரியும். இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாளோ.

பிறகு அவளோடு ஓயாமல் பேசினாள். தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுப் போனில் தட்டினாள்: 'ஏன் இவள் என்னை அடிக்கடி இடது பக்கம் திரும்பச் சொல்கிறாள்?'

விஷயத்தைச் சொன்னோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'நீங்கள் சொல்லிக்கொடுத்தது மொழி இல்லை, நாற்சந்தி' என்று தட்டிக் காட்டினாள். 'ஆனால் அதை வைத்து இவளே ஒரு மொழி கட்டியிருக்கிறாள். கெட்டிக்காரி. இனிமேல் நாட்டில் எல்லாருக்கும் புரிகிற சைகையைக் கற்றுக்கொள்ளட்டும்.'

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கைக்கு லாரி நின்னிருக்கு, பஸ் நின்னிருக்கு. யாருக்குப் புரியலையாம்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். தண்ணீருக்கு எந்தச் சைகை என்பதில் அவருக்கும் தங்கபுஷ்பத்துக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரும் கையாலேயே சண்டை போட்டார்கள். வீடு அமைதியாக இருந்தது.

மாரி முதல் வரிசை மாணவி மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்தே பழகிய கை. முன்பக்கம் கொண்டுவந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் விரலெல்லாம் பின்னிக்கொள்கிறது. பேச்சி பொறுமை இழந்து அவள் விரலைப் பிடித்துப் பிடித்து மடக்கினாள்.

மே 3, சனி

மாரி பேச்சியிடம் 'பசிக்கிறதா' என்று கேட்பதாக நினைத்து ஏதோ காட்டியிருக்கிறாள். பேச்சி போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து கொடுத்தாள்.

மே 12, திங்கள்

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. சிவப்புக் கவுன். அதை நேற்று முழுக்கப் போட்டுப் புழுதியில் புரண்டிருக்கிறாள். இன்றும் அதுதான் வேண்டும் என்கிறாள். மாரி தலை வாரிக்கொண்டே வேண்டாம் என்றாள். பேச்சி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து சண்டைக்குத் தயாரானாள்.

அழுக்கு என்றாள் மாரி. அழுக்கு இல்லை என்றாள் பேச்சி. இது என்ன என்று கறையைக் காட்டினாள் மாரி. அது பூ என்றாள் பேச்சி. மாரிக்கு ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் சடை. கையால் பதில் சொல்ல முடியாமல் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். நாளைக்குப் போடலாம், இன்று துவைக்க வேண்டும். இன்று போடுகிறேன், நாளைக்குத் துவை. நான் அம்மா, சொன்னதைக் கேள். நான் பேச்சி, நீ கேள்.

நான் தோசை மாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பேப்பரைக் கவிழ்த்துவிட்டார். இடையில் வழி விடவோ நிறுத்தவோ அவர் கை போகவில்லை. இந்த வீட்டில் இப்படி ஒரு சண்டை நடந்ததே இல்லை.

கடைசியில் பேச்சி காலைத் தரையில் உதைத்தாள். கை வாசலைக் காட்டியது. வாயும் திறந்தது.

"போ!"

கரகரப்பாக, கொஞ்சம் மூக்கில் வந்தது. ஆனால் 'போ'தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பாக்கியம், "யாரைப் போகச் சொல்லுதிய மைனி?" என்று கேட்டதால் சாட்சியும் இருக்கிறது.

மாரி சீப்பைத் துப்பினாள். "எம்மா! கேட்டியா? என்னைப் போன்னு சொல்லிட்டா!" என்று அடுக்களைக்கு ஓடிவந்தாள். திரும்ப ஓடினாள். மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அங்கே என்ன இரைச்சலோ, அவர் "யாரை? யாரு?" என்று கத்தினார். "என்னைத்தான்! வாயாலயே! போன்னு சொல்லிட்டா!" என்று இவளும் கத்தினாள். 

நிவேதா மேடத்துக்குச் சொன்னோம். காதுப் பயிற்சியின் பலன் என்றார். தங்கபுஷ்பத்துக்கு அனுப்பினோம். கை வந்ததால் வாய்க்குத் தைரியம் வந்தது என்று எழுதினாள். இவர் யாரும் கேட்காமலே, எல்லாம் இலாகாவில் கற்றது என்றார். வெள்ளிக் கை வாங்கிச் சாத்தியவள் நான். நான் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

மதியம் பேச்சி தாத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அதில் ஒரு புது ஆள் வந்தது. விரலைக் குறுக்காகப் பல்லில் கடித்துக்கொண்டாள். யார் அது என்று இவர் என்னைக் கேட்டார். மாரி அந்தப் பக்கமாக வந்தவள் பார்த்துவிட்டாள். இந்தத் தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. தானும் விரலைப் பல்லில் கடித்துக் காட்டினாள். ஆமாம், நீதான் என்றாள் பேச்சி.

அதன் பிறகு மாரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுட்டி. போ சொல்லு. அம்மாவைப் போ சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். பேச்சிக்கு இப்போது கோபம் இல்லை, அதனால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

எழுதி முடிக்கிற இந்த நேரம், மாரி கொடியில் காய்கிற அந்தச் சிவப்புக் கவுனை உருவி எங்கேயோ ஒளித்து வைக்கப் போயிருக்கிறாள்.